ராஜ்யம் இல்லாத பத்மநாபன்

நவராத்திரி நெருங்கினால் எங்கள் குமரி மாவட்டத்துச் சாமிகள் மூன்று பேர் கேரளத்துக்குப் புறப்பட்டுவிடுவார்கள். பத்மநாபபுரம் அரண்மனைத் தேவாரக்கட்டு சரஸ்வதி யானைமேல் போவாள். வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு, மூன்றாம் நாள் சாயங்காலம் திருவனந்தபுரம். ஒன்பது நாள் பூஜையும் கச்சேரியும் முடிந்து, விஜயதசமிக்கு வேளிமலையான் வெள்ளிக் குதிரை ஏறிப் பூஜப்புரை போய்வந்த பிறகு, வந்த வழியே திரும்புவார்கள். அந்தச் சரஸ்வதி கம்பர் வைத்துப் பூஜித்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் தலைநகராக இருந்தவரை நவராத்திரி இங்கேயேதான் நடந்தது. தலைநகரம் வடக்கே போனது. சாமியும் வருஷா வருஷம் வடக்கே போக ஆரம்பித்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி நடுவில் ஒரு மாநில எல்லை வந்து விழுந்தது. சாமி அதைக் கண்டுகொள்ளவில்லை.

இந்தத் தடவை புறப்பாட்டையும் பார்த்து, அப்படியே அனந்தபத்மநாபனையும் சேவித்து வரலாம் என்று கிளம்பினேன். முழுத் தூரமும் கூடவே நடக்கிற வயசு இல்லை. தக்கலையில் வழியனுப்பிவிட்டு, மறுநாள் எல்லை ஊரான களியக்காவிளையில் வரவேற்பைப் பார்த்துவிட்டு, அப்புறம் பஸ்ஸில் திருவனந்தபுரம்.

கூட வந்தவர் கோட்டாற்று நண்பர். கத்தோலிக்கர், ஓய்வுபெற்ற வாத்தியார். தக்கலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர் என்பதால் சாமி புறப்பாடு அவருக்கு மதச் சமாச்சாரமே இல்லை. மழைக்காலம் மாதிரி, வரவேண்டிய நேரத்தில் வரும், வீட்டு வாசலில் நின்று பார்க்க வேண்டும். 2022 மே மாதம், தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது ரோமுக்கே போய் வந்தவர். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் வத்திக்கானோடு ஒப்பிடுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. பயணம் முழுக்க அதுதான் நடந்தது. எனக்கும் அது பிடித்திருந்தது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. ஆனால் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் கையில். தக்கலையில் பஸ் இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்தால், டிக்கெட் கிழித்துக் கொடுப்பவர் கேரள அரசு ஊழியர். புதிதாக வருகிறவர்கள் விழிப்பார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது.

"ரோமுக்கு வெளியே ஒரு அரண்மனை இருக்கு வே, காஸ்டல் கந்தோல்போன்னு. இத்தாலி நாட்டுக்குள்ளதான் இருக்கு. ஆனா சொத்து வத்திக்கானோடது" என்று நண்பர் ஆரம்பித்தார். இது முதல் ஒப்பீடு. சரி, பொருத்தமாகத்தான் இருந்தது.

உப்பரிகை மாளிகையில் வைத்திருக்கும் ராஜாவின் உடைவாள்தான் புறப்பாட்டின் உயிர். சாமிக்கு முன்னால் வாள் போகும். அதை எடுத்துக் கொடுக்கும் சடங்குக்குக் கேரள அமைச்சர் வருவார், இந்தப் பக்கம் தமிழக அறநிலையத்துறை அதிகாரிகள் இருப்பார்கள். அங்கே ஆட்சி கம்யூனிஸ்ட்டா காங்கிரஸா, இங்கே எந்தக் கழகம் என்பதெல்லாம் கணக்கில்லை. வாளைக் கைமாற்றுகிறபோது எல்லோரும் ஒரே மாதிரி பவ்யமாகத்தான் நிற்கிறார்கள். கூட்டத்தின் பின்வரிசையில் இருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் தலைக்கு மேல் நீண்ட செல்போன்களும், நடுவே ஒரு சிவப்புப் பட்டுத் துணியும்தான்.

அந்த வாளுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால் அதற்கு 1750க்குப் போக வேண்டும்.

நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் காலம் தள்ளியவன். எந்தப் பத்திரத்தைப் பார்த்தாலும் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார், அனுபவம் யாருக்கு என்று பார்க்கிற புத்தி. 1750 ஜனவரியில், கொல்லம் ஆண்டு 925 மகர மாதத்தில், திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா எழுதிக் கொடுத்த திருப்படித்தானத்தைப் போல ஒரு பத்திரத்தை நான் பார்த்ததில்லை. குளச்சலில் டச்சுக்காரர்களை 1741இல் தோற்கடித்து, சுற்றியிருந்த சின்னச் சின்ன ராஜ்யங்களையெல்லாம் பிடித்துச் சேர்த்த மனிதர், அத்தனையையும் பத்மநாபசுவாமிக்குத் தானமாகக் கொடுத்தார். வாளைச் சந்நிதியில் வைத்தார். பிறகு அதே வாளைச் சாமியின் ஊழியனாகத் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்று முதல் திருவிதாங்கூர் ராஜாவுக்குப் பட்டம் பத்மநாபதாசன். உடைமை சாமிக்கு, அனுபவம் தாசனுக்கு. பிடித்த நாடுகள் சாமியின் சொத்தாகிவிட்டன; இனி எவனாவது கலகம் செய்தால் அது ராஜாவோடு சண்டை இல்லை, சாமியோடு சண்டை. பக்தியும் உண்டு, கெட்டிக்காரத்தனமும் உண்டு. இரண்டில் எது அதிகம் என்று இருநூற்றெழுபது வருஷம் கழித்து உட்கார்ந்து நிறுத்துப் பார்க்க நான் யார்?

நண்பரின் வத்திக்கான் கதை இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. போப்பாண்டவருக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் மத்திய இத்தாலியில் பெரிய ராஜ்யமே இருந்தது. படை, வரி, சிறை எல்லாம் உண்டு. 1870 செப்டம்பரில் இத்தாலியப் படை ரோமைப் பிடித்ததும் அது போயிற்று. அடுத்த 59 வருஷம் போப்பாண்டவர்கள் வத்திக்கானை விட்டு வெளியே வராமல் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 1929 பிப்ரவரி 11ஆம் தேதி முசோலினி ஒரு பக்கமும் கர்தினால் கஸ்பாரி ஒரு பக்கமும் லாத்தரன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வத்திக்கான் நகர் தனி நாடானது. அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லை. எங்கள் கோட்டாறு அதைவிடப் பெரிசு என்று நண்பருக்கு ஒரு பெருமை.

"அந்த நாட்டுல யாரும் பிறக்கிறதே இல்ல வே. ஆஸ்பத்திரியே கிடையாது. வேலைக்குச் சேர்ந்தா குடிமகன், வேலை போனா குடியுரிமையும் போச்சு." சிகாகோவில் பிறந்த ஒருவர் 2025 மே மாதம் அந்த நாட்டுக்கு மன்னர் ஆனதையும் சொன்னார். மன்னர் என்பது வெறும் மரியாதைச் சொல் இல்லை. சட்டம் போடுவது, நிர்வாகம், நீதி மூன்றும் போப்பாண்டவர் கையில்தான். திருவிதாங்கூரிலோ மருமக்கள் வழி. தாய்மாமனுக்குப் பிறகு மருமகன். தேர்தலும் கிடையாது, சிகாகோவும் கிடையாது.

மறுநாள் களியக்காவிளை. அங்கே நிற்க இடம் பிடிப்பதே பெரும்பாடு. ரோட்டின் இந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் போலீஸ், அந்தப் பக்கம் கேரளப் போலீஸ். கொட்டகை, பூமாலை, தாலப்பொலியோடு பெண்கள், செண்டை. வரவேற்புக்கு வைத்திருந்த ஒரு ஃப்ளெக்ஸ் போர்டில் இரண்டு மாநில முத்திரைகளையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்திருந்தார்கள். நான் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டு முத்திரையில் கோயில் கோபுரம். கேரள முத்திரையில் இரண்டு யானைகளுக்கு நடுவே பத்மநாபனின் சங்கு, அது திருவிதாங்கூர் ராஜாக்களின் சின்னத்தில் இருந்து வந்தது. இரண்டிலும் அசோகரின் சிங்கம் உண்டு. மதச்சார்பற்ற நாட்டின் இரண்டு மாநிலங்கள் லெட்டர்பேடில் கோபுரத்தையும் சங்கையும் வைத்துக்கொண்டு சாமியை வரவேற்கின்றன. வெளிநாட்டுக்காரன் யாராவது பார்த்தால் இது மதச்சார்பற்ற நாடுதானா என்று கேட்பான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு நாள் வேண்டும்.

யானை எல்லையைத் தாண்டியதும் பேண்டு வாசித்தார்கள். வரிசையாக நின்ற போலீசார் துப்பாக்கியை உயர்த்தி மரியாதை செய்தார்கள். இந்தப் பக்கம் வழியனுப்பும் மரியாதை, அந்தப் பக்கம் வரவேற்கும் மரியாதை. ஒரு நாட்டுத் தலைவர் விமானத்தில் இருந்து இறங்கினால் செய்கிற அதே சடங்கு. வரிசை கலைந்ததும் ஒரு கேரளக் காவலர், மீசை சரியாக முளைக்காத பையன், துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பல்லக்குப் பக்கமாக ஓடி, இரண்டு கையையும் ஏந்திப் பிரசாதம் வாங்கினான். வாங்கிய கையோடு திரும்பிப் பார்த்தான், அதிகாரி பார்க்கிறாரா என்று. அதிகாரியும் நெற்றியில் சந்தனத்தோடுதான் நின்றார்.

"ரோமில் இதுக்கு வழியே இல்ல" என்றார் நண்பர். புனித பேதுரு சதுக்கத்தில் தரையில் ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறதாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் இத்தாலி, அந்தப் பக்கம் வத்திக்கான். பாஸ்போர்ட் யாரும் கேட்பதில்லை. சதுக்கம் வத்திக்கானுக்குச் சொந்தம்தான், ஆனால் அங்கே காவலுக்கு நிற்பது இத்தாலியப் போலீஸ். ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதிவிட்டார்கள். பேராலயப் படிக்கட்டு வரை அவர்கள், அதற்கு மேல் வத்திக்கான்காரர்கள். எல்லாமே எழுத்து, கோடு, கையெழுத்து. இத்தாலி அரசியல் சட்டத்தின் 7ஆம் பிரிவு, அரசும் சபையும் அவரவர் எல்லைக்குள் சுதந்திரமானவை என்கிறது. கத்தோலிக்க மதம்தான் இத்தாலியின் அரசு மதம் என்ற பழைய ஏற்பாட்டையும் 1984இல் செய்த புதிய உடன்பாட்டில் எடுத்துவிட்டார்கள்.

எனக்கு, பத்திரங்களோடு காலம் தள்ளியவன் என்ற முறையில், அந்த ஏற்பாட்டின் சுத்தம் பிடித்திருக்கிறது. நான்கு எல்லையும் தெளிவாக இருக்கிற சொத்தில் வில்லங்கம் வராது. ஆனால் களியக்காவிளையில் நின்ற அந்தப் பையனை எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிறுத்துவது?

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையில் இறங்கியதும் முதலில் பழவங்காடி கணபதி. தேங்காய் உடைக்கிற சத்தம் ரோடு வரை கேட்டுக்கொண்டே இருக்கும். கைக்கு ஒரு தேங்காய் வாங்கி உடைத்தேன். இந்தக் கோயிலை நடத்துவது இந்திய ராணுவம். ஆச்சரியப்பட வேண்டாம். திருவிதாங்கூரின் நாயர் படை பத்மநாபபுரத்தில் வைத்துக் கும்பிட்ட பிள்ளையார் இவர். படை இடம் மாறியபோது கூடவே வந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு திருவிதாங்கூர்ப் படை இந்திய ராணுவத்தில் சேர்ந்தது, பிள்ளையாரும் சேர்ந்துவிட்டார். வத்திக்கானில் 1506 முதல் சுவிட்சர்லாந்துக்காரர்கள் போப்பாண்டவருக்குக் காவல் நிற்கிறார்கள். அங்கே இன்றும் அது அவருடைய சொந்தப் படை. இங்கே சாமியின் படை நாட்டின் படையாகிவிட்டது. ஆனாலும் பட்டாளத்துக்காரன் பிள்ளையாருக்கு விளக்கேற்றுவதை விடவில்லை.

கிழக்கு நடை வரை நண்பர் வந்தார். அதற்கு மேல் வரமுடியாது. இந்துக்கள் மட்டும் என்று போர்டு இருக்கிறது. அவருக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். "நான் அந்தப் பக்கம் ஒரு சாயா குடிச்சிட்டு நிக்கேன், நீரு மெதுவாப் பாத்துட்டு வாரும்" என்று சாதாரணமாகத்தான் சொன்னார்.

சட்டையைக் கழற்றி, செல்போனைக் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு, மெட்டல் டிடெக்டரைத் தாண்டினேன். எனக்கு முன்னால் ஒரு வடநாட்டுப் பெண், பேண்ட்டுக்கு மேல் வாடகை முண்டைக் கட்டத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ ஒரு மலையாளத்துப் பாட்டி வந்து, ஒரு வார்த்தை பேசாமல், இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகிவிட்டுப் போனாள்.

உள்ளே நுழைகிற ஏழு நிலைக் கோபுரம் நம்மூர் பாணி. மலைநாட்டுத் திருப்பதிகள் 13இல் இது ஒன்று, நம்மாழ்வார் பாடிய தலம். நீண்ட கல் பிராகாரத்தில் வரிசை நகர்ந்தது. தூண்தோறும் கையில் விளக்கேந்திய கல் பெண்கள்; எண்ணெய்க் கறை படிந்து பளபளவென்று கறுத்திருக்கிறார்கள். உள்ளே போகப் போக வெளிச்சம் குறைந்து, கடைசியில் விளக்கும் வியர்வையும் சந்தன வாசமும்தான்.

பதினெட்டு அடிக்குப் படுத்திருக்கிறார். ஒரு வாசலில் முழுசாகப் பார்க்க முடியாது, மூன்று வாசல். முதல் வாசலில் திருமுகமும், கீழே தொங்கும் வலது கையும், அந்தக் கைக்கடியில் ஒரு சிவலிங்கமும். நடு வாசலில் நாபிக் கமலமும் பிரம்மாவும். மூன்றாவதில் பாதம். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் இருந்து யானைமேல் வந்ததாகச் சொல்லும் 12,008 சாளக்கிராமங்களைக் கடுசர்க்கரை யோகம் என்ற மருந்துக் கலவையில் பதித்துச் செய்த திருமேனி. (எங்கள் திருவட்டாறு ஆதிகேசவனும் இதே வகைதான். 22 அடி. அண்ணன் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.) தள்ளிக்கொண்டே இருந்தார்கள். முகத்தில் ஒரு நொடி, நாபியில் ஒரு நொடி. பாதத்தில் மட்டும் எப்படியோ கொஞ்சம் கூடுதலாக நிற்கக் கிடைத்தது. என்ன வேண்டிக்கொண்டேன் என்பது எனக்கும் அவருக்கும் உள்ளது.

நாம் நிற்கிற இடம் ஒற்றைக்கல் மண்டபம். இருபது அடிச் சதுரத்துக்கு ஒரே பாறை, திருமலை என்ற இடத்தில் வெட்டிக் கொண்டுவந்தது. அந்தக் கல்லில் யாரும் விழுந்து கும்பிடக் கூடாது. அங்கே நெற்றி பட்டால் உள்ளதெல்லாம் சாமிக்கு என்று அர்த்தம். ராஜா மட்டும் விழலாம், அவர்தான் ஏற்கெனவே எல்லாவற்றையும் கொடுத்தவர் ஆயிற்றே. பேதுரு பேராலயத்தின் நடுப் பலிபீடத்தில் போப்பாண்டவர்தான் பூசை வைப்பார் என்று நண்பர் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது.

கோயில் இன்று யாருடையது? 2011இல் நிலவறைகளைத் திறந்து உள்ளே இருந்த தங்கத்தைக் கணக்கெடுத்தபோது உலகமே இந்தக் கேள்வியைக் கேட்டது. பி அறையை மட்டும் திறக்கவில்லை. 2020 ஜூலை 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சாமியின் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் உரிமை ராஜ குடும்பத்துக்குத் தொடரும், அன்றாட நிர்வாகத்துக்கு ஒரு குழு, குழுவுக்குத் தலைவர் திருவனந்தபுரம் மாவட்ட நீதிபதி. நம் சட்டத்தில் சாமி ஒரு சட்டபூர்வமான ஆள். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். மைனர் பிள்ளைக்குக் கார்டியன் இருப்பதுபோல் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். வத்திக்கானில் சாமியின் பெயரில் ஆள்பவர் சட்டமே போடலாம். இங்கே சாமியே கோர்ட்டுக்கு வந்து வக்கீல் வைக்க வேண்டும். 1750இல் ஒரு நாட்டையே வாங்கியவருக்கு இன்று இதுதான் நிலை. குறைவா என்று கேட்டால், இல்லை என்றுதான் நான் சொல்வேன். காரணம் பின்னால் வருகிறது.

வெளியே வந்தபோது நண்பர் இரண்டாவது சாயாவில் இருந்தார். பழம்பொரியில் பாதி எனக்காக வைத்திருந்தார். சாயங்காலம் ஆகிவிட்டதால் ஓர் ஆட்டோ பிடித்து சங்குமுகம் போனோம். பத்மநாபன் வருஷத்துக்கு இருமுறை, ஐப்பசியிலும் பங்குனியிலும், ஆறாட்டுக்கு, அதாவது கடலில் நீராட, வருகிற கடற்கரை. வழியில்தான் விமான நிலையம். 1932இல் விமானத் தளம் வருவதற்கு முன்பிருந்தே ஊர்வலம் போகிற பாதை அது. அதனால் இன்றும் அந்த இரண்டு நாளும் சில மணி நேரத்துக்கு விமானங்களை நிறுத்திவிடுகிறார்கள். முன்கூட்டியே விமானிகளுக்கு அறிவிப்பு போய்விடும். ரன்வேயின் குறுக்கே ராஜ குடும்பத்துத் தலைவர் உருவிய வாளோடு முன்னே நடக்க, யானையும் பரிவாரமும் சாமியும் கடந்து போகிறார்கள். இப்போது நிலையத்தைத் தனியார் நடத்துகிறார்கள், வழக்கம் மாறவில்லை.

மணலில் உட்கார்ந்த பிறகுதான் நண்பர் மனசில் இருந்ததைச் சொன்னார். கோபமாக இல்லை.

"சுத்தி மதில் கட்டின நாட்டுல எல்லாரையும் உள்ள விடுதான். நான் பீட்டர் கோயிலுக்குள்ள நிக்கும்போது பக்கத்துல ஒரு சர்தார்ஜி, அந்தால ஒரு ஜப்பான்காரி. மதிலே இல்லாத நாட்டுல என்னைய ரோட்டுல நிறுத்திட்டு நீரு உள்ள போறீரு."

பதில் சொல்ல முடியவில்லை என்று சொல்ல மாட்டேன். சொன்னேன். 1936 நவம்பர் 12க்கு முன்னால் இந்த ஊரில் இந்துக்களிலேயே பாதிப் பேருக்கு மேல் உள்ளே போக முடியாது. கோயிலை விடுங்கள், கோயில் தெருவில் நடக்கவே வைக்கத்தில் 1924இல் போராட வேண்டியிருந்தது. எங்கள் சுசீந்திரத்திலும் 1926இல், 1930இல் சத்தியாகிரகம் நடந்தது. கடைசியில் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர் சித்திரைத் திருநாள் என்ற பத்மநாபதாசன். மதத்தின் பெயரில் நடந்த ராஜ்யம்தான் அந்தக் கதவைத் திறந்தது. ஆனால் மக்கள் பத்து வருஷத்துக்கு மேல் தட்டிய பிறகு. உம்ம கதவும் ஒரு நாள் திறக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. திறக்க வேண்டும் என்பது என் ஆசை என்று மட்டும் சொன்னேன். எல்லோருக்கும் திறந்திருக்கிற உங்கள் ரோமிலும், போப்பாண்டவர் கையில் ராஜ்யம் இருந்தவரை யூதர்களை 1555 முதல் தனிச் சேரிக்குள் அடைத்துத்தானே வைத்திருந்தார்கள் என்றும் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

அப்புறம் தேவசகாயத்திடம் வந்தார். வந்துதான் ஆக வேண்டும். நட்டாலத்துக்காரர், நீலகண்டப் பிள்ளை, பத்மநாபபுரம் அரண்மனை உத்தியோகஸ்தர். குளச்சலில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டிலனாயின் பழக்கத்தால் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752 ஜனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழியை ஒட்டிய காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். மதம் மாறியதற்காகத்தான் என்று திருச்சபை சொல்கிறது. ராஜத் துரோகக் குற்றம் என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படியானாலும் திருப்படித்தானம் நடந்து இரண்டே வருஷம். நாடே சாமியுடையது என்று ஆன பிறகு, சாமியை மாற்றிக்கொண்ட ஓர் அரண்மனை ஊழியனை வெறும் பக்தி விஷயமாக யார் பார்த்திருப்பார்கள்? கும்பிடுகிற சாமியும் கட்டுகிற வரியும் ஒரே கல்லாப்பெட்டிக்குள் விழுந்தால் இப்படித்தான் முடியும்.

270 வருஷம் கழித்து அவரை ரோமில் புனிதராக அறிவித்தபோது, தமிழக அரசின் சார்பில் அமைச்சர்களும் அங்கே போயிருந்தார்கள். நண்பர் அதைச் சொல்லும்போது குரல் மாறியது. அவர் எலும்புகள் இருப்பது கோட்டாற்றுப் பேராலயத்தில். நண்பர் வீட்டில் இருந்து நடக்கிற தூரம்.

அதனால்தான் சொல்கிறேன், பத்மநாபனுக்கு ராஜ்யம் போனது நல்லது. போப்பாண்டவருக்குப் போனதும் நல்லது. இருவருக்கும் மரியாதை கூடியது அதற்குப் பிறகுதான். எனக்கு வத்திக்கானின் கோடும் வேண்டாம், 1750இன் வாளும் வேண்டாம். களியக்காவிளையில் நின்ற மாதிரி, அரசாங்கம் சாமிக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தால் போதும். நண்பர் இதை முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. சல்யூட் எல்லாச் சாமிக்கும் ஒரே உயரத்தில் அடிக்கிறார்களா என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஆனால் ராஜ்யம் போனபோது கணக்குத் தீர்த்த விதத்தில் மட்டும் ரோம் நம்மை முந்திவிட்டது. 1929இல் இத்தாலி 75 கோடி லிரா ரொக்கமும், 100 கோடி லிராவுக்குக் கடன் பத்திரமும் கொடுத்தது. அதை அவர்கள் முதலீடு செய்து பெருக்கிக்கொண்டார்கள். போதாததற்கு இன்றைக்கும் இத்தாலியில் வருமான வரியில் ஆயிரத்துக்கு எட்டுப் பங்கு எந்தச் சபைக்குப் போக வேண்டும் என்று வரி கட்டுகிறவரே எழுதிக் கொடுக்கலாம். இங்கே, 1811க்குப் பிறகு கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது நூற்றுக்கணக்கான கோயில்களையும் அவற்றின் நிலங்களையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது. பதிலுக்குச் செலவுக்குப் பணம் கொடுக்கும் பொறுப்பு அரசுக்கு வந்தது. அந்தப் பொறுப்பு ராஜாவிடமிருந்து இந்திய அரசியல் சட்டத்துக்கே வந்து சேர்ந்தது. 290ஏ பிரிவு: கேரளம் திருவிதாங்கூர் தேவஸ்வம் என்ற கோயில் நிதிக்கு வருஷம் 46.5 லட்சம் தர வேண்டும். பிரிந்து வந்த எங்கள் பகுதிக் கோயில்களுக்குத் தமிழ்நாடு 13.5 லட்சம் தர வேண்டும். மதத்தை வளர்க்க யாரிடமும் கட்டாய வரி வாங்கக் கூடாது என்று 27ஆம் பிரிவு சொல்லும் அதே புத்தகத்தில் இதுவும் இருக்கிறது. முரண்பாடு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது எடுத்த நிலத்துக்கான பாக்கி. ஆனால் தொகை 1956இல் எழுதியது. எழுத்தில் இன்றும் அதேதான்.

"பதிமூணரை லட்சத்துக்கு இப்பம் என்ன வே வரும்?" என்றார் நண்பர்.

சுசீந்திரம் மாதிரி ஒரு பெரிய கோயிலுக்கு எண்ணெய், பூ, நைவேத்தியம், சம்பளம் என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். மீதியை அரசு மானியமாகத் தனியாகத் தருகிறது, உண்டியலும் இருக்கிறது. இருந்தாலும் நிலம் வாங்கியவன் ஒரே வாடகையை எழுபது வருஷமாகக் கொடுத்தால் எங்கள் ஆபீஸில் சிரிப்பார்கள்.

இருட்டுவதற்குள் தம்பானூர் போய்ப் பஸ் பிடிக்க எழுந்தோம். ஆறாட்டு மண்டபத்தைத் தாண்டும்போது, ஐப்பசி ஆறாட்டுக்குக் கடற்கரையில் நிற்க மதம் கேட்பார்களா என்று நண்பர் கேட்டார். அதெல்லாம் கேட்க மாட்டார்கள், சாமி வெளியே வந்துவிட்டால் ரோட்டில் போகிற எல்லாருக்கும் தரிசனம்தான் என்றேன். அப்படியானால் வருகிறேன் என்றார், ஆனால் மத்தியானமே வந்து முன்வரிசையில் இடம் பிடிக்க வேண்டும், பஸ் கட்டணம் என்னுடையது.